மைல்கட்டையும் செய்மதியும்

மருதானையிலிருந்து கண்டிக்குச் சைக்கிளில் போவதென்றால், ஒரு காலத்தில் தூரத்தைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். கண்டி 72ஆம் கட்டை. இடையில் வரும் கடவத்தை, நிட்டம்புவ, வரக்காப்பொல, கேகாலை, மாவனல்லை எல்லாம் கொழும்பிலிருந்து இத்தனையாம் கட்டை என்றே மனதில் பதிந்திருந்தன. வீதியோரக் கல்லில் எண் ஏற ஏற, கால் களைத்தாலும் மனம் தெம்படையும். இன்று அதே வீதி ஏ1 என்று பெயர் பெற்றிருக்கிறது. நீளம் 116 கிலோமீற்றர். சைக்கிளின் கைபிடியில் பூட்டிய உள்ளங்கையளவுக் கருவி ஒன்று, வந்த தூரத்தையும் வரவிருக்கும் திருப்பத்தையும் ஏறவிருக்கும் மேட்டையும் மீற்றர் கணக்கில் காட்டிக்கொண்டே வருகிறது.

கல்லும் கருவியும் செய்வது வழிகாட்டும் வேலைதான். எதை எவ்வளவு நம்பலாம், எது எப்போது கைவிடும் என்பதில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது.

அந்நாளைய ரலி, ஹம்பர் சைக்கிள்களில் மணியும் டைனமோ விளக்கும் இருந்தால் அதுவே பெரிய வசதி. தூரம் அறிய விரும்பியவர் முன்சில்லின் அச்சருகே சிறிய மீற்றர் ஒன்றைப் பூட்டிக்கொள்வார். அமெரிக்கரான கர்ட்டிஸ் வீடர் 1895இல் கொண்டுவந்த அமைப்பு அது. சில்லுக் கம்பியில் இறுக்கிய சிறு முளை, சுற்றுக்கு ஒருமுறை மீற்றரின் நட்சத்திரப் பற்சக்கரத்தைத் தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே பற்கள் நகர்ந்து, மெல்ல மெல்ல எண் உருளையைத் திருப்பும். 28 அங்குலச் சில்லுக்கு ஒரு மீற்றர், 26 அங்குலத்துக்கு வேறொன்று. மாற்றிப் பூட்டினால் கணக்குப் பிழைக்கும். சில்லு எத்தனை முறை சுற்றியது என்ற ஒன்றைத் தவிர அதற்கு எதுவும் தெரியாது. பற்றரி வேண்டாம், வானம் தெளிந்திருக்க வேண்டாம். பழுதானாலும் கண்ணுக்குத் தெரியும்: முளை வளைந்திருக்கும், அல்லது கழன்றிருக்கும். விரலால் நிமிர்த்திவிட்டுப் போகலாம்.

தூரத்துக்கு மீற்றரும் கட்டையும் இருந்தன. திசைக்கு மனிதர்கள் இருந்தார்கள். சந்திக்குச் சந்தி ஒரு தேத்தண்ணிக் கடை, அதன் வாங்கில் இரண்டு பேர். அவர்கள் வீதிப் பெயர் சொல்லி வழி காட்டுவதில்லை. மருதானைக்குள் என்றால் டவர் மண்டபம், எல்பின்ஸ்டன் தியேட்டர், ஸாஹிரா கல்லூரி, டெக்னிக்கல் சந்தி என்பவைதான் அடையாளங்கள். 1892இல் தொடங்கிய கல்லூரியும் 1911இல் எழுந்த மண்டபமும் இடம்பெயராதவை. அவற்றை வைத்துச் சொன்ன வழி தலைமுறைக்கும் பிழைக்காது. தூரம் கேட்டால்தான் சிக்கல். ‘கிட்டத்தான்’ என்பார்கள். அந்தக் கிட்டம் அரை மைலாகவும் இருக்கலாம், ஐந்து மைலாகவும் இருக்கலாம்.

நாட்டில் நல்ல வரைபடம் இல்லாமல் இல்லை. 1800இல் நிறுவப்பட்ட நில அளவைத் திணைக்களம், ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் இலங்கை முழுவதையும் 72 தாள்களில் வரைந்து முடித்திருந்தது. பின்னர் 1:50,000 அளவில் 92 தாள்கள் வந்தன. பாடசாலையில் புவியியல் படித்தவர்களுக்கு இந்த இடவிளக்கப்படத்தின் சமவுயரக்கோடுகள் பழக்கமானவை. ஆனாலும் சைக்கிளில் போனவர் அதைக் கையோடு எடுத்துச் சென்றது அரிது. அகன்ற தாள், மழையில் ஊறும், மடிப்பில் கிழியும். போர்க் காலத்தில் வேறொரு தயக்கமும் சேர்ந்தது. சோதனைச்சாவடியில் தமிழ் இளைஞன் ஒருவனின் பையிலிருந்து விரிவான வரைபடம் எடுக்கப்பட்டால், அதற்கு விளக்கம் சொல்வது இலேசான காரியமல்ல. ஆகவே வழியை நெஞ்சில் எழுதிக்கொள்வதே வழக்கமாயிற்று.

செய்மதி வழிகாட்டல் அப்போதே வானில் இருந்தது, சாதாரண மனிதருக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமான ஜி.பி.எஸ். அமைப்பின் செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தால் கருவி தன் இடத்தைக் கணித்துக்கொள்ளும். பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட பிழை 2000ஆம் ஆண்டு மே தொடக்கத்தில் நீக்கப்பட்டது. அதுவரை இடம் நூறு மீற்றர் வரை தவறலாம். மருதானையில் நூறு மீற்றர் என்றால் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றே தெரியாமற் போகும். அதன்பின் பிழை பத்து மீற்றரளவுக்குச் சுருங்கியது. சைக்கிளுக்கு வழிகாட்ட அது போதுமானதாக இருந்தது.

2005இல் கார்மின் நிறுவனம் எட்ஜ் 205, 305 என்ற சைக்கிள் கருவிகளை வெளியிட்டது. 305இன் பற்றரி 12 மணித்தியாலம் வரை நிற்கும். திரையில் வீதி கிடையாது. வெற்று வெளியில் ஒரு கோடு, அதன்மேல் நீங்கள் ஒரு புள்ளி. கோட்டை விட்டு விலகினால் விலகியது தெரியும், திரும்பும் வழி தெரியாது. 2008இல் வந்த 705இல்தான் வண்ண வரைபடமும் திருப்பத்துக்குத் திருப்பம் வழிகாட்டலும் சேர்ந்தன. ஆனால் கருவிக்குள் வரைபடம் இருக்க இடம் இருந்தால் மட்டும் போதாது. அந்த வரைபடத்தில் கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளும் இருக்க வேண்டும். அந்தக் குறையை நிரப்பியது 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மப். யார் வேண்டுமானாலும் தம் வீதியை வரைந்து சேர்க்கலாம் என்ற அந்தப் பொதுத் திட்டத்தின் தரவே இன்று கார்மின், வாஹூ, ஹமர்ஹெட் ஆகிய மூன்று நிறுவனங்களின் சைக்கிள் வரைபடங்களுக்கும் அடிப்படை. தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்த அறிவில் ஒரு பகுதி, முகம் தெரியாத தன்னார்வலர்களின் கைவழியே திரைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

பிறகு நடந்த முன்னேற்றம் வேகமானது. 2017இல் வெளிவந்த வாஹூ போல்ட் வழியைக் காட்டும். வழி தவறினால் தானே புதுவழி வகுக்காது, தொலைபேசியின் துணை வேண்டும். 2021இல் வந்த அதன் இரண்டாம் வடிவம் வண்ணத் திரையோடு வந்து, புதுவழியைத் தானே கணித்தது. 2022இல் வந்த கார்மின் எட்ஜ் 1040 இரண்டு அலைவரிசைகளைப் பிடித்து, ஜி.பி.எஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ போன்ற செய்மதி அமைப்புகளையும் கேட்கிறது. உயரக் கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையை இனங்கண்டு ஒதுக்க இது உதவுகிறது. பற்றரி 35 மணித்தியாலம் என்கிறது நிறுவனம். 305இனதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

கடுகண்ணாவை மலையேற்றத்தில் இந்த மாற்றம் கண்ணெதிரே தெரியும். மாவனல்லை தாண்டி வீதி வளையத் தொடங்கும்போது அன்று ஏறியவருக்கு அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாது. குடைந்த பாறையும் டோசன் கோபுரமும் கண்ணில் பட்டால்தான் ஏற்றம் முடியப்போகிறது என்ற நம்பிக்கை வரும். இன்று ஏற்றம் தொடங்குமுன்பே திரையில் மலையின் பக்கத்தோற்றம் விரிகிறது. சாய்வுக்கேற்ப மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமாக நிறம் பிரித்து, இன்னும் எத்தனை மீற்றர் தூரம், எத்தனை மீற்றர் உயரம் என்று எழுதுகிறது. மூச்சைப் பங்கிட்டுச் செலவழிக்க முடிகிறது. முன்பு அனுபவசாலிக்கு மட்டும் இருந்த அறிவு இப்போது முதன்முறை ஏறுபவருக்கும் கிடைக்கிறது.

ஆனால் கருவியின் விவரப் பட்டியலை வாசித்து அதன் நம்பகத்தை அறிய முடியாது. கொழும்பின் வெயிலிலும் மழையிலும்தான் அறியலாம். ஒக்ரோபர், நவம்பர் மாதங்களின் பின்னேர மழையில் தொடுதிரையின்மேல் விழும் துளிகளையே சில கருவிகள் விரலென்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடும். 2019இல் ஒன்றாக வெளிவந்த எட்ஜ் 530, 830 இரண்டுக்கும் பற்றரி 20 மணித்தியாலம்தான். முன்னதற்குப் பொத்தான்கள், பின்னதற்குத் தொடுதிரை. முகவரியைத் தேடி வழி போட 830 வசதி. நனைந்த விரலுக்கு 530 நிம்மதி. காலி முகத்திடலிலிருந்து வெள்ளவத்தை வரை கடற்காற்றில் ஓடுபவர், மின்னேற்றும் துளையில் உப்பும் ஈரமும் படியாமல் துடைத்து வைக்க வேண்டும்.

வீதிகளும் முன்போல் ஒரே தளத்தில் இல்லை. 2021 நவம்பரில் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்தின் தூண்பாதைகளுக்குக் கீழே போகும்போது, மேலே ஓடும் பாதையா கீழே ஓடும் பாதையா என்று கருவி தடுமாறக்கூடும். அதிவேக நெடுஞ்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. வரைபடத்தில் அது சரியாகக் குறிக்கப்படாவிட்டால் கருவி அங்கேயே அழைத்துச் செல்லும். மருதானையின் டார்லி வீதி வரைபடத்தில் டி.பி. ஜாயா மாவத்தை. ஸாஹிராவின் அதிபராக இருந்தவரின் பெயர் அது. பழைய ஆட்களிடம் வழி கேட்பவருக்கும் திரையைப் பார்ப்பவருக்கும் இரண்டு பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய மீற்றரின் பழுது கண்ணெதிரே இருந்தது. புதிய கருவியின் பழுது எங்கோ தொலைவில் இருக்கிறது. ஜி.பி.எஸ். தன் கிழமைகளை 1024 வரை எண்ணிவிட்டு மீண்டும் பூச்சியத்துக்கு வரும். 2019 ஏப்ரல் 6ஆம் திகதி அப்படி வந்தபோது, அதற்கேற்ப மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பிழையான திகதியைக் காட்டும் நிலை ஏற்பட்டது. 2020 ஜூலையில் கார்மினின் கணினி அமைப்பு இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, பயணப் பதிவுகளை ஏற்றும் சேவை சில நாட்கள் முடங்கியது. 2025 ஜனவரி இறுதியில் தரவுக்கோப்பு ஒன்றின் கோளாறால் அந்நிறுவனத்தின் பல கருவிகள் இயங்கத் தொடங்கும்போதே உறைந்து நின்றன. இவற்றில் எதையும் பாவனையாளர் விரலால் நிமிர்த்தியிருக்க முடியாது.

விலையும் பெரிய தடை. எட்ஜ் 1040 வெளிவந்தபோது 600 டொலர். 2022இன் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாயளவு. அந்தக் கணக்கில் 1 இலட்சத்து 20 ஆயிரம். ஆண்டின் நடுவில் 360 ரூபாயளவு. அப்போது அதே கருவி, வரி சேராமலே 2 இலட்சத்து 16 ஆயிரம். அந்த மாதங்களில்தான் பெற்றோல் இல்லாமல் நகரமே சைக்கிளுக்கு மாறியது. டாம் வீதிக் கடைகளில் சைக்கிள் தேடியவர்களும், மூலையில் கிடந்த பழையதைத் துடைத்துக் காற்றடித்து வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போனவர்களும் இந்தக் கருவிகளை வாங்கவில்லை. தெரியாத வழிக்குத் தொலைபேசி. தெரிந்த வழிக்கு நினைவு. வீதியை நெஞ்சில் எழுதி வைத்திருந்த தலைமுறையின் அறிவு அந்த நெருக்கடியில் ஒருமுறை பயன்பட்டது.

கிடைத்தது சிறிதல்ல. தனியாகப் போகும் பெண், இருட்டிய பின் அந்நியரிடம் வழி கேட்டு நிற்க வேண்டியதில்லை. சிங்களம் சரளமாக வராத தமிழர், பதற்றமான நாட்களில் சந்தியில் வாய் திறக்கத் தயங்கிய அந்தத் தயக்கம் இன்று வழிகாட்டலுக்குத் தடையில்லை. ஏ9 வீதியில் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரையான 321 கிலோமீற்றரையும் கைபிடியில் விரித்துக்கொண்டு போகலாம். மூடியும் திறந்தும் கிடந்த அந்த வீதியை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

போனதும் உண்மைதான். வழி கேட்டவருக்குத் தண்ணீர் கொடுத்து, முன்னால் பாலம் உடைந்திருக்கிறது, மற்றப் பக்கத்தால் போங்கள் என்று சொன்ன வாய்க்கு இப்போது வேலை குறைந்துவிட்டது. திரையைப் பார்த்து ஓடுபவர் போன வழியை மறுமுறை திரையில்லாமல் சொல்லத் திணறுகிறார். அன்று வழி தவறிச் சேர்ந்த ஊரும் ஞாபகத்தில் நின்றது. இன்று தவறாமல் கடந்த ஊர் பலருக்கு நினைவில் இல்லை.

இரண்டையும் எடைபோட்டால், பாதுகாப்பிலும் துல்லியத்திலும் கருவியே மேல், அதை மறுப்பதற்கில்லை. வாங்குவதானால் மழையிலும் இயங்கும் பொத்தான்கள், இணையமின்றி இயங்கும் முழு வரைபடம், வழி தவறினால் தானே புதுவழி போடும் திறன், பயண நேரத்தின் இருமடங்குக்காவது நிற்கும் பற்றரி ஆகிய நான்கையும் பார்த்து வாங்குங்கள். புறப்படுமுன் வரைபடத்தைக் கருவிக்குள் இறக்கி வையுங்கள். அவ்வப்போது அதை அணைத்துவிட்டு, சந்தியில் நிற்பவரிடம் வழி கேட்டும் ஒருமுறை போய் வாருங்கள். வழியை நினைவில் வைக்கும் பழக்கமும் வழி சொல்லும் மனிதர்களும் நமக்கு இன்னும் வேண்டும்.