குட்டிக்குப் பல் முளைத்தால்

சிப்பிப்பாறை நாய் வளர்க்கும் வீட்டில் பிறந்தவள் நான். குட்டி போட்ட மூன்று வாரத்தில், பால் குடிக்க வரும் குட்டிகளைத் தாய் உதறிவிட்டு எழுந்துகொள்ளும். தாய்க்குக் கல்மனசு என்று திட்டாதீர்கள். மடியைப் பாருங்கள், ஊசி போன்ற பால்பற்கள் கீறிய தடம் இருக்கும். சில தாய்கள் தின்றதைக் கக்கிக் குட்டிகளுக்குக் கொடுக்கும். அருவருத்து விரட்ட வேண்டாம், அது இயற்கை.

நான்காவது வாரத்தில் சோற்றைக் குழைய வேகவைத்து, எலும்பில்லாத கோழிக்கறியை விழுதாக அரைத்து, கஞ்சிப் பதத்தில் கரைப்பேன். உப்பு, வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. விளிம்பு தாழ்ந்த தட்டில் வெதுவெதுப்பாக ஊற்றி, விரலால் தொட்டு உதட்டில் தடவினால் நக்கத் தொடங்கும். முதல் நாள் தட்டுக்குள்ளேயே ஏறி நடக்கும், காது வரை அப்பிக்கொள்ளும். தாய் வந்து நக்கிச் சுத்தம் செய்துவிடும்.

எங்கள் பக்கம் பசும்பால் ஊற்றுவது வழக்கம். நாய்ப்பாலைவிட அதில் லாக்டோஸ் அதிகம், கொழுப்பும் புரதமும் குறைவு. பல குட்டிகளுக்குப் பேதி கண்டுவிடும். வெறும் சோறும் கறியும்கூட எலும்பு வளரப் போதாது. குட்டிகளுக்கென்று கடையில் விற்கும் தீனியை வெந்நீரில் ஊறவைத்துச் சேர்க்க வேண்டும். தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஏழெட்டு வாரத்தில் கெட்டியாகவே தின்னும். குடற்புழு மருந்துக்கு மருத்துவரைக் கேளுங்கள், இரண்டாம் வாரத்திலிருந்தே தேவைப்படும்.

ஒரு மாதக் குட்டி கேட்டு வருகிறவர்களிடம், “எட்டு வாரம் ஆகட்டும் தம்பி” என்பேன். அதற்கு முன் விற்கக் கூடாது என்று 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளும் சொல்கின்றன.