36 புளியங்கொட்டைகள் போதும்

2026–27 கல்வியாண்டிலிருந்து சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு முதலே செயற்கை நுண்ணறிவும் கணிமைச் சிந்தனையும் பாடமாகின்றன. அறிவிப்பு வந்த நாள் முதல் வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி: “எட்டு வயதுப் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கணுமா?”

வேண்டாம். இரண்டு வேறு விஷயங்களை மத்தியக் கல்வி அமைச்சகம் ஒரே மூட்டையாகக் கட்டியதால் வந்த குழப்பம் இது. செயற்கை நுண்ணறிவைக் காட்டக் கருவி வேண்டியிருக்கலாம். சிக்கலைப் படிப்படியாகப் பிரித்துத் தீர்க்கும் கணிமைச் சிந்தனைக்கு வேண்டாம். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல்லும் சகாக்களும் 1990-களிலேயே ‘சி.எஸ். அன்பிளக்டு’ என்ற பெயரில் அட்டையும் சாக்பீஸும் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவர்களுடைய அட்டை வித்தை ஒன்றைத் தாயம் ஆட ஒரு பக்கம் உரசிய புளியங்கொட்டைகளை வைத்தே செய்யலாம். ஒரு மாணவி 25 கொட்டைகளை ஐந்துக்கு ஐந்தாக, கறுப்பும் வெள்ளையுமாக இஷ்டம்போல் அடுக்குகிறாள். “இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்குவோம்” என்று ஆசிரியர் ஓரத்தில் ஒரு வரிசையும் அடியில் ஒரு வரிசையுமாக 11 கொட்டைகள் சேர்க்கிறார். அவர் முதுகைத் திருப்பிக்கொள்ள, மாணவி ஒரே ஒரு கொட்டையைப் புரட்டுகிறாள். திரும்பிப் பார்த்த ஆசிரியர் அதைச் சரியாகத் தொட்டுவிடுகிறார்.

ரகசியம் அந்த 11-இல் இருக்கிறது. குறுக்கே எண்ணினாலும் நெடுக்கே எண்ணினாலும் வெள்ளை இரட்டைப்படையாக வரும்படி அவர் வைத்திருந்தார். ஒன்று புரண்டால் குறுக்கில் ஒரு வரிசையும் நெடுக்கில் ஒரு வரிசையும் ஒற்றைப்படையாகும். இரண்டும் வெட்டும் இடத்தில் குற்றவாளி. ஆதார் எண்ணின் 12-ஆவது இலக்கத்துக்கும் வேலை பிழை பிடிப்பதுதான். கணக்கு வேறு, ஆனால் ஓர் இலக்கம் மாறினாலே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு கொட்டைகள் புரண்டால்? ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியும், எவை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளையும் புரட்டிவிட்டால் எல்லா வரிசையும் இரட்டைப்படையாகவே நிற்கும். ஆசிரியருக்கு எதுவுமே தெரியாது. இந்த ஓட்டையைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கும் அரைமணி நேரம்தான் பாடம். வரையறையை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் மிஞ்சுவது இரண்டு மதிப்பெண்.

கவலை அங்கேதான். ஆசிரியர் பயிற்சிக்கு ‘நிஷ்தா’ என்ற அரசுத் திட்டத்தின் பாடத்தொகுதிகளும் காணொளிகளுமே முதுகெலும்பு என்கிறது அமைச்சகம். தரையில் உட்கார்ந்து கொட்டை அடுக்கிப் பார்க்காமல், காணொளியில் விடையை மட்டும் பார்த்த ஆசிரியர் வகுப்பில் எதைச் சொல்வார்? விடையைத்தான்.

பெற்றோரின் மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. பிள்ளைக்குத் தனிப்பயிற்சி வகுப்பு? பணம் வீண்.

கோடிங் எப்போது? 2020 தேசியக் கல்விக் கொள்கைப்படி நடுநிலை வகுப்புகளில்.

மாநிலப் பாடத்திட்டம்? மாநில அரசு தனியே முடிவெடுக்க வேண்டும்.

லேப்டாப் கடைக்குப் போகுமுன் பெற்றோர் பள்ளியில் ஒன்றைக் கேட்டு வாருங்கள்: இந்தப் பாடத்துக்காக ஆசிரியர்களுக்கு நேரடிப் பயிற்சி எத்தனை நாள் கொடுத்தீர்கள்?