பென்டிரைவ் செருகினால் தானாக நகல்: யூடெவ் குறிப்புகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகள் பலவற்றில் சிஎன்சி மெஷினுக்கான புரோகிராம் இன்னமும் பென்டிரைவில்தான் போகுது. அந்த டிரைவை ஆபீஸ் லினக்ஸ் கணினியில் செருகியதும் தானாகவே நகல் எடுத்துவிட்டால் எவ்வளவு நல்லது! அதற்கான கருவி யூடெவ். ஆனால் இணையத்தில் கிடைக்கும் சுலப வழியை அப்படியே போட்டால், நகல் பாதியிலேயே நின்னு போகலாம். டிரைவ் தொலைஞ்ச அன்னைக்குத்தான் அது தெரியவரும்.

ஏன் அப்படி?

புது சாதனம் வந்ததும் கர்னல் ஒரு செய்தி அனுப்பும். யூடெவ் அதை வாங்கி, விதிக் கோப்புகளைப் பெயர் வரிசையில் படிக்கும். விதியில் 'ரன்' என்று போட்டால் நம்ம கட்டளை ஓடும். ஆனால் அது நொடியில் முடியும் வேலைக்கு மட்டும்தான். அந்த நிகழ்வு முடிந்ததும், பின்னணிக்குத் தள்ளியிருந்தாலும் சரி, மிச்சமுள்ள புராசஸை யூடெவ் கொன்னுடும். உள்ளேயிருந்து மவுன்ட் செய்யவும் அனுமதி இல்லை.

சரியான வழி

வேலையை சிஸ்டம்டியிடம் ஒப்படைக்கணும். மவுன்ட் செய்து ஆர்சிங்க் ஓட்டும் ஒரு 'ஒன்ஷாட்' சர்வீஸ் எழுதுங்க. 'ஈடிசி' அடைவுக்குள் யூடெவ், அதற்குள் ரூல்ஸ்.டி, அங்கே 99 என்று தொடங்கும் பெயரில் விதிக் கோப்பு. அதில் நாலு விஷயம்:

1. ஆக்‌ஷன்: ஆட்
2. சப்சிஸ்டம்: பிளாக்
3. உங்கள் பார்ட்டிஷனின் யூயூஐடி
4. 'சிஸ்டம்டி வான்ட்ஸ்' மதிப்பாக சர்வீஸின் பெயர்

யூயூஐடி முக்கியம். வெறும் 'யூஎஸ்பி' என்று எழுதினால் ஒரே டிரைவுக்கு விதி பலமுறை பொருந்தும். மவுஸ் செருகினாலும் ஓடும்.

சி-டாக் சென்னை உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உட்பட, டெபியன் வழிவந்த புதிய பதிப்புகளில் இதே முறைதான்.

ஒரு எச்சரிக்கை

பென்டிரைவில் இருக்கும் ஸ்கிரிப்ட் எதையும் ஓட்டாதீங்க. விண்டோஸில் 'ஆட்டோரன்' அப்படி ஓட்டியதால்தான் 2008-ல் வந்த கான்ஃபிக்கர் புழு பென்டிரைவ் வழியாகவும் பரவியது. 2011-ல் மைக்ரோசாஃப்ட் பழைய பதிப்புகளிலும் அதை யூஎஸ்பி டிரைவுகளுக்கு நிறுத்தியது. நம்ம சர்வீஸோ ரூட் அதிகாரத்தில் ஓடுது. யூயூஐடியை யாரும் நகலெடுக்கலாம்; அது பூட்டு இல்லை, பெயர்ப்பலகைதான். அதனால் 'படிக்க மட்டும்', 'நோஎக்ஸெக்' என்று மவுன்ட் பண்ணுங்க.

முடிந்ததும் ஜர்னல்சிடிஎல்லில் சர்வீஸ் முழுசா முடிந்ததா என்று பாருங்க. நகலிலிருந்து ஒரு கோப்பையும் திறந்து பார்த்துடுங்க.