இறங்குதுறை வரை ஒரு சக்கர நாற்காலி

வேலணையிலிருந்து வாணர் தாம்போதியால் கடலைக் கடந்து புங்குடுதீவுக்குள் வரும் வீதி, குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகிறது. பஸ்ஸில் வருபவர்களைப் பாருங்கள்: நயினாதீவு அம்மனிடம் போகும் முதியவர்கள், கைக்குழந்தையோடு தாய்மார், சாமான் மூட்டையோடு நெடுந்தீவுக்குத் திரும்புகிறவர்கள். இறங்கியதும் எல்லாரும் பாதசாரிகள்தான். ஆனாலும் வீதி வேலை என்றதும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "காப்பெற் போட்டாச்சோ?"

காப்பெற் வீதி வேகத்தைக் கூட்டும். மணிக்கு 30 கிலோமீற்றரில் போகும் வான் 60ஐத் தொட்டால், அதன் இயக்கசக்தி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமும் அப்படியே. நடப்பவர்களும் வாகனங்களும் கலக்கும் இடங்களில் 30தான் உச்சவேகம் என்று 2020 ஸ்டொக்ஹோம் பிரகடனம் கேட்டது இதனால்தான். பலகை நட்டால் மட்டும் யாரும் மெதுவாகப் போகமாட்டார்கள். பாடசாலை வாசலிலும் பஸ் தரிப்பிடத்திலும் வீதியை ஒடுக்கி, கடவையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்த வேண்டும்.

அடுத்தது சரிவு. கடை வாசல்களில் மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்குச் சீமெந்து பூசி வைத்திருப்பார்களே, அதைச் சாய்தளம் என்று எண்ணிவிடாதீர்கள். ஆளும் சக்கர நாற்காலியுமாக 90 கிலோ என்று வையுங்கள். ஓரடி உயரமும் நாலடி நீளமும் கொண்ட சரிவில், தள்ளுபவர் ஏறக்குறைய 22 கிலோ பாரத்தைத் தாங்க வேண்டும். நாற்காலி பின்னால் கவிழவும் கூடும். நீளம் பன்னிரண்டடி என்றால் பாரம் ஏழரைக் கிலோதான். 15 சென்ரிமீற்றர் படிக்கு 1.8 மீற்றர் சாய்தளம் வேண்டும் என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் கடைசி அடியில் எல்லாம் அறுந்துபோகலாம். படகின் மட்டம் வற்றுக்கும் பெருக்குக்கும், ஏறும் ஆட்களின் பாரத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும். படகுக்காரர் நீட்டும் கையைப் பிடித்துத் தாவ எல்லாராலும் முடியாது. நீரோடு ஏறி இறங்கும் மிதவை மேடையும், அதைக் கரையோடு இணைக்கும் கீல் வைத்த பாலமும் இதற்கு உலகெங்கும் கையாளப்படும் பழைய தீர்வு.

பொது இடங்களை மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடியதாக அமைக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் இலங்கையில் 2006 ஒக்டோபரிலேயே வந்துவிட்டன. 2011இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. போரில் காலிழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் வடக்கில் இதற்கு வேறு நியாயம் சொல்லத் தேவையில்லை. தீவில் அடுத்த வீதி வேலையைப் பொறுப்பேற்கும்போது, பஸ் தரிப்பிடத்திலிருந்து படகு வரை ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.