கரையில் உழைப்பவளும் கடற்றொழிலாளியே

கடற்றொழில் என்றதும் கடலுக்குப் போகும் ஆண்களே எல்லோரினதும் நினைவுக்கு வருகின்றனர். வள்ளம் கரை சேர்ந்த பின்னர் வலையில் சிக்கிய நண்டையும் மீனையும் கழற்றுவது, அறுந்த கண்ணிகளைப் பின்னுவது, மிஞ்சிய மீனைக் கீறி உப்பிட்டுக் கருவாடாக்குவது எல்லாம் பெரும்பாலும் எமது வேலைகளே. யுத்தத்தில் கணவரை இழந்து, 2010 இல் மன்னாரில் மீள்குடியேறிய நாள் முதல் நானும் இவ்வேலைகளைச் செய்தே பிள்ளைகளை வளர்த்தேன். வலை என்னுடையது, கடலுக்குப் போவது என் தம்பி. கிடைக்கும் பாட்டை இருவரும் பங்கிடுகிறோம்.

யுத்தகாலத்தில் பாஸ் நடைமுறையும் தடைகளும் எமது கடலை மூடியிருந்தன. 2009 இன் பின்னர் கடல் மெல்லத் திறந்தது. ஆனால் எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப் படகுகள் கடலடியை வாரிச் செல்கின்றன. மீன்குஞ்சுகளும் தப்புவதில்லை. இரவில் நாம் பாய்ச்சிய வலைகளும் அவற்றோடு அறுபட்டுப் போகின்றன. அப்படகுகளில் கூலிக்கு வருவோரும் எம்மைப் போன்ற ஏழைகளே; அழிவைச் செய்வது அந்த இழுவைமடி. 2017 இல் இலங்கைக் கடலில் இழுவைமடித் தொழில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. உள்ளூர்ப் படகுகளுக்கும் அத்தடை பொருந்தும். ஆயினும் அதன் பின்னரும் இரு தடவைகள் என் வலைகள் அறுபட்டன.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. எண்ணெய்க்கும் கடன், வலைக்கும் கடன் என்றாயிற்று. அறுந்த வலைக்கு நட்டஈடு கேட்டுப் போனபோது, கடலுக்குப் போகிறவரின் பெயரையே பதியலாம் என்றார்கள். கடன் புத்தகத்தில் என் பெயர் உண்டு; தொழிலாளர் பதிவில் மட்டும் இல்லை!

சகோதரிகளே, வலை வாங்கிய பற்றுச்சீட்டை உங்கள் பெயரில் எழுதுவித்துப் பத்திரப்படுத்துங்கள். வலை அறுபட்டால் அன்றே படம் எடுத்து, முறைப்பாடு செய்து, அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். நாளாந்த வரவு செலவை ஒரு கொப்பியில் குறியுங்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் பெயரிலேயே அங்கத்துவம் கேளுங்கள். தனியே கேட்கத் தயங்கினால் நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை ஒவ்வொரு மாதமும் போய்க் கேட்பதென்று முடிவெடுத்துள்ளோம்.