காகிதப்பூவின் பெயர்கள்

மாணவர்களே! நம் காரைக்காலில் அரசலாற்றங்கரையை ஒட்டியோ கடற்கரைச் சாலையிலோ நடந்து செல்வோர், மதிற்சுவர்களின் மேல் கவிழ்ந்து கிடக்கும் ஒரு கொடியைக் காணாமற் போவதற்கில்லை. பங்குனி சித்திரை வெயிலில் ஏனைய செடிகள் சோர்ந்து நிற்க, இஃது ஒன்று மட்டும் இலை தெரியாதபடி நிறத்தைக் கொட்டி நிற்கும். உப்புக் காற்றும் மணற்பாங்கான நிலமும் இதற்குப் பகையல்ல. நீர் மிகுந்தால் தழை பெருகும்; நீர் குறைந்தால்தான் நன்கு பூக்கும். பொது மக்கள் இதனைக் காகிதப்பூ என்பர். சற்றுக் கற்றோர் போகன்வில்லா என்பர். தோட்டக்காரரைக் கேட்டால், 'அது மேரி பாமர், இது மிஸஸ் பட்' என்று மனிதரை அறிமுகம் செய்வதுபோற் சொல்வார். இவற்றுள் எது சரியான பெயர் என்று என்னைக் கேட்ட மாணவர் பலர். யாவும் சரியே. ஆனால் அவை வெவ்வேறு வினாக்களுக்கு உரிய விடைகள். அவ்வினாக்கள் எவை என்பதையே இன்று விளக்க முற்படுகிறேன்.

முதலில் ஒரு பூங்கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். காகிதம்போல் மெல்லியதாய், நிறம் பெற்று, மும்மூன்றாய் நிற்பவை இதழ்கள் அல்ல, பூவடிச் செதில்கள். உருமாறிய இலைகள் என்றே சொல்லலாம். இலைக்கு உள்ளதுபோல் அவற்றில் நரம்பு ஓடுவதைக் காணலாம். ஒவ்வொரு செதிலின் நடு நரம்போடும் ஒட்டிக்கொண்டு ஒரு சிறு குழல் நிற்கிறதே, அதுதான் உண்மையான பூ. குழலின் நுனி வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ விண்மீன்போல் விரியும். நாம் வியந்து நோக்குவது பூவை அன்று, பூவின் மேலாடையையே!

இந்தச் சிறு குழலைக் கொண்டுதான் செடியின் குடும்பம் அறியப்படுகிறது. மழைக்காலத்தில் நம் வீட்டு வேலியோரம் படர்ந்து கிடக்கும் மூக்கிரட்டைக் கீரையும், மாலையில் மலரும் அந்திமந்தாரையும், இலை வெளுத்த லச்சைகெட்ட கீரையும் காகிதப்பூவுக்கு உறவினர். நால்வரும் நிக்டாஜினேசி என்னும் ஒரே குடும்பத்தினர். கண்ணுக்குச் சற்றும் ஒவ்வாத உறவுதான். ஆயினும் நிறத்தின் வேதியியலும் இவ்வுறவுக்குத் துணை நிற்கிறது. செம்பருத்தியின் சிவப்பு ஆந்தோசயனின் என்னும் பொருளால் ஆவது. காகிதப்பூவின் சிவப்போ பீட்டாலைன் என்னும் வேறொரு பொருளால் ஆவது. பீட்ரூட்டிலும், செந்தண்டுக் கீரையிலும், நாகதாளிப் பழத்திலும் இருப்பது அதுவே. இவ்விரு நிறப்பொருள்களும் ஒரே செடியில் இயற்கையாய்ச் சேர்ந்திருக்கக் கண்டதில்லை.

இனிப் பேரினத்தின் பெயருக்கு வருவோம். லூயி ஆந்துவான் தெ பூகேன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடி 1766ஆம் ஆண்டு உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். (நம்மூரில் பிரெஞ்சு பயின்ற பெரியோர் 'பூகேன்வில்' என்றே சொல்வர், 'போகன்வில்லா' என்பது ஆங்கில வழி வந்த ஒலிப்பு.) அப்பயணத்தில் சென்ற தாவரவியலார் பிலிபேர் கொமெர்சோன், 1767இல் பிரேசில் நாட்டு ரியோ தெ ஜனைரோ நகரருகே இக்கொடியைக் கண்டு, தலைவரின் பெயரையே அதற்கு வைத்தார். கொமெர்சோனுக்கு உதவியாளராய் ஆணுடை அணிந்து உடன் சென்றவர் ழான் பாரே என்னும் பெண்மணி. அரசுக் கப்பலில் பெண்கள் ஏறலாகாது என்பது அக்காலப் பிரெஞ்சு விதி. உலகைச் சுற்றி வந்த முதற்பெண்மணி இவரே. இவர் பெயரால் கொமெர்சோன் ஒரு செடிக்கு வைத்த பெயர் நிலைக்கவில்லை. கத்தரிக் குடும்பத்துச் செடி ஒன்று 2012இல் இவர் பெயரைப் பெற்றது. தலைவருக்கு உடனே கிடைத்த சிறப்பு, சுமை சுமந்தவருக்கு இரண்டரை நூற்றாண்டு சென்று கிடைத்தது.

கொமெர்சோன் 1773இல் மொரீசுத் தீவில் இறந்தார். அவர் இட்ட பெயரை 1789இல் அச்சேற்றிய ஜூசியு என்ற அறிஞர் 'புகின்வில்லயா' என எழுத்துக்கூட்டினார். இன்று வழங்கும் எழுத்துமுறையே நிலைபெறுக என்று பின்வந்த தாவரவியலார் முடிவு செய்தனர். எல்லாப் பிழைக்கும் இந்த நற்பேறு கிட்டுவதில்லை. ஜப்பானியர் 'ஹாகி' எனப் போற்றி, பழம்பாடல்களில் மிகுதியாகப் பாடிய ஓர் அழகுப் புதர்ச்செடி உண்டு. நம் அவுரி, கொள்ளு இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பேரினத்துக்கு மிஷோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலார், தமக்கு உதவிய செஸ்பெதெஸ் என்னும் ஸ்பானிய ஆளுநரின் பெயரைச் சூட்ட எண்ணினார். 1803இல் வெளிவந்த நூலில் அப்பெயர் 'லெஸ்பெதெஸ்' என்று தவறாய் விழுந்துவிட்டது. ஆளுநர் மறைந்தார், நூலும் பழையதாயிற்று, லெஸ்பெதெசா என்ற பிழைப்பெயர் மட்டும் இன்றும் அச்செடியின் முறையான பெயராய் நின்று நிலவுகிறது.

பேரினத்துக்கு அடுத்து வருவது சிற்றினம். 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ், ஒரு செடிக்கு ஒரு முழு வாக்கியத்தையே பெயராய்ச் சொல்லிவந்த வழக்கை மாற்றி, பேரினம், சிற்றினம் என இரு சொற்களே போதும் என நூல் செய்தார். அம்முறை நம் கரைக்கு வர நெடுங்காலம் ஆகவில்லை. அவருடைய மாணாக்கர் கோனிக் என்பார் 1768இலேயே, நமக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள தரங்கம்பாடிக்கு டேனிய மிஷனின் மருத்துவராய் வந்து, இப்பகுதிச் செடிகளைத் திரட்டத் தொடங்கிவிட்டார். ஒரு செடிக்குப் பலர் பல பெயர் இட்டிருந்தால் பொதுவாக முந்தியதே நிற்கும், பிந்தியவை ஒருபொருட் பெயர்கள் எனக் குறிக்கப்படும் என்பது விதி. நம்மூர்ப் புனிதவதியாரும் காரைக்கால் அம்மையாரும் ஒருவரே என்பதை நாம் குழப்பமின்றி அறிவோம். ஆனால் தாவரவியலார் அத்தகைய ஈரெழுத்தை ஒப்புவதில்லை. கணக்கில் ஒரு பெயரே எழுதப்பட வேண்டும்.

காகிதப்பூவில் தோட்டத்துக்கு வந்த சிற்றினங்கள் முக்கியமாக மூன்று. இலையும் தண்டும் மெத்தென்று மயிர் பெற்று, வளைந்த வலிய முள்ளுடன் இருப்பது ஸ்பெக்டாபிலிஸ். 1799இல் பெயர் பெற்றது. இலை வழவழப்பாய், நீள்வட்டமாய் இருப்பது கிளாப்ரா. 1849இல் பெயர் பெற்றது. மூன்றாவது பெருநாட்டுக்கு உரிய பெருவியானா. கைவில்லை ஒன்று இருந்தால் முதலிரண்டையும் நீங்களே பிரித்தறியலாம். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரே சிற்றினத்தில் ஊதாவும் உண்டு, வெள்ளையும் உண்டு.

காட்டில் இம்முறை செவ்வனே நடக்கிறது. தோட்டத்திலேதான் தொல்லை தொடங்குகிறது. 1910ஆம் ஆண்டை ஒட்டி, கொலம்பியா நாட்டுக் கார்த்தஹேனா நகரத் தோட்டமொன்றில் கண்ட கருஞ்சிவப்புக் காகிதப்பூவைத் திருமதி பட் என்பார் திரினிதாதுக்குக் கொண்டு சென்றார். அஃது எந்தச் சிற்றினத்திலும் அடங்கவில்லை. அது கிளாப்ராவும் பெருவியானாவும் கலந்து பிறந்தது எனப் பின்னர்க் கருதப்பட்டது. ஆதலின் பெயரின் நடுவே பெருக்கற்குறி ஒன்றை இட்டு, அப்பெண்மணியின் நினைவாய் 'பட்டியானா' என்றனர். அகன்ற முட்டைவடிவ இலையும், உருண்டு சுருங்கிய செதிலும் அதன் அடையாளம். அச்செடியே வணிகத்தில் 'மிஸஸ் பட்' என்றும் 'கிரிம்சன் லேக்' என்றும் இரு பெயரில் உலவியது.

இன்னொரு வியப்பும் உண்டு. நன்கு வளர்ந்த கொடியில் ஒரு கிளை மட்டும் திடீரென வேறு நிறமாய்ப் பூக்கும். அந்த ஒரு மொட்டின் உள்ளணுக்களில் நேர்ந்த மாற்றமே காரணம். அக்கிளையைக் குச்சியாய் வெட்டி நட்டாலோ பதியன் போட்டாலோ புதுச் செடி கிடைக்கும். ஒரே செடியில் வெள்ளையும் கருஞ்சிவப்பு ஊதாவும் பூக்கும் 'மேரி பாமர்' இவ்வாறு பிறந்ததே. அதிலிருந்து இலை நடுவே மஞ்சளாய் வரியோடிய 'திம்மா' பிறந்தது. விதை போட்டால் இக்குணங்கள் அப்படியே வருமென்று நம்புவதற்கில்லை. நம் பூக்கடைகளில் புகழ்பெற்ற டெல்லிக் கனகாம்பரம் குச்சியாலேயே பெருக்கப்படுவதும் இத்தகைய காரணத்தால்தான். மும்மடிக் குரோமசோம் உடைய அச்செடி விதை கட்டுவதில்லை.

இத்தகைய செடிக்குச் சிற்றினப் பெயர் போதாது என்பது இப்போது விளங்கும். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், மாணவர்கள் தம் கைக்காசைச் சேர்த்து, மூன்று பெயர்ச்சீட்டுக் கட்டிய மூன்று கன்றுகளை ஒரு நாற்றுப்பண்ணையில் வாங்கி வந்தனர். ஓராண்டு நீர் வார்த்தனர். பூத்தபோது மூன்றும் ஒன்றே! விற்றவரை வஞ்சகர் என்று நான் சொல்லத் துணியேன். அவருக்கு விற்றவரும் அவ்வாறே சீட்டுக் கட்டி விற்றிருக்கலாம். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், 'ஐயா, நாம் செடிக்கா காசு கொடுத்தோம், பெயருக்கா?' என்று கேட்டான். பயிர்வகைப் பெயர் என்பது விற்பவர் வாங்குபவருக்குத் தரும் உறுதிமொழி. அது பொய்த்தால் பையன்களின் காசு பொய்த்தது.

இக்குறையை நீக்கவே 'பயிர்வகை' என்னும் பொருள்பட ஒரு புதுச்சொல்லை அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் பெய்லி 1923இல் ஆக்கினார். வளர்ப்புச் செடிகளுக்கென்றே தனிச் சட்டநூல் ஒன்று 1953இல் முதன்முதல் வெளியாயிற்று. அதன்படி பயிர்வகைப் பெயர் ஒற்றை மேற்கோளுக்குள் எழுதப்பட வேண்டும். 1959 முதல் புதிதாய் இடும் பெயர் இலத்தீனாய் இருத்தலாகாது. வாழும் மொழியாய் இருக்க வேண்டும். புதுப் பெயர்களைப் பதியப் பல செடிகளுக்கு உலகுக்கெல்லாம் ஒரு பதிவகம் உண்டு. காகிதப்பூவுக்கு அப்பொறுப்பு புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தினிடம் ஒப்படைக்கப்பட்டது. தென்னமெரிக்காவில் பிறந்து, பிரெஞ்சுக்காரர் பெயர் தாங்கிய செடிக்குக் கணக்கெழுதும் பொறுப்பு நம் நாட்டினது! லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார் தாம் உருவாக்கிய வகைகளுக்கு 'வாஜித் அலி ஷா', 'பேகம் சிக்கந்தர்' என்று தம் மண்ணின் பெயர்களை வைத்தனர். தமிழ்ப் பெயர் வைக்கவும் சட்டத்தில் தடையேதும் இல்லை.

ஆகவே பள்ளித் தோட்டத்தில் சீட்டு எழுதுவோர், முதலிற் பேரினம், அடுத்துச் சிற்றினம் அல்லது பெருக்கற்குறியுடன் கலப்பினம், இறுதியில் மேற்கோளுக்குள் பயிர்வகை என எழுதுங்கள். கலப்பின் மூலம் தெளிவாகாத செடியாயின் நடுச்சொல்லை விட்டுவிட்டு, பேரினமும் பயிர்வகையும் மட்டும் எழுதினாலும் முறையே. சீட்டு எழுதியபின் செடியையும் அவ்வப்போது நோக்குங்கள். 'திம்மா' போன்ற வரியிலைச் செடியில் சில கிளைகள் மீண்டும் முழுப் பச்சையாய்த் திரும்பும். பச்சைக் கிளை விரைந்து வளரும். அடியோடு வெட்டாமல் விட்டால் இரண்டு மூன்று பருவங்களில் வரியிலையை அமிழ்த்திவிடும். சீட்டில் எழுதிய பெயர் இருக்க, அப்பெயருக்குரிய செடி அங்கே இராது.