தீக்களத்தின் கமாண்டர்: அனுபவம் மட்டும் போதுமா?

தீ விபத்து நடந்த மறுநாள் வரும் செய்தியில் எத்தனை தீயணைப்பு வண்டிகள் வந்தன, எத்தனை மணி நேரம் போராடினார்கள் என்பதெல்லாம் தவறாமல் இருக்கும். வண்டிகளை எங்கே நிறுத்துவது, வீரர்களை உள்ளே அனுப்பலாமா, எப்போது வெளியே அழைப்பது, கூட்டத்தை எவ்வளவு தூரத்தில் தடுப்பது என்று முடிவெடுத்தவர் யார் என்பது மட்டும் இருக்காது. அவருக்கு அதற்கான பயிற்சி உண்டா, யாராவது அவரைச் சோதித்துச் சான்று கொடுத்தார்களா என்று நாமும் கேட்பதில்லை. உயிர் பிழைப்பதும் போவதும் பல நேரங்களில் அந்த முடிவுகளில்தான் இருக்கிறது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே இல்லை. புகையைப் பார்த்து உதவிக்கு ஓடிவந்த சுற்றுவட்டார மக்கள். அடுத்தடுத்த வெடிப்புகளில் அவர்கள் சிக்கிக்கொண்டார்கள். தண்ணீர் பீய்ச்சும் திறமை மட்டும் இப்படிப்பட்ட களத்துக்குப் போதாது. அடுத்து என்ன வெடிக்கும், எது சரியும் என்று முன்கூட்டிக் கணித்து, ஆபத்து எல்லையை வகுத்து, எல்லோரையும் அதற்கு வெளியே நிறுத்தும் ஒருவர் வேண்டும். பல நாடுகளில் அவரை ‘இன்சிடென்ட் கமாண்டர்’ என்கிறார்கள்.

கமாண்டர் என்ன செய்ய வேண்டும்?

சம்பவ இடத்துக்கு முதலில் வந்து சேரும் குழுவின் மூத்தவரே அந்த நிமிடத்திலிருந்து கமாண்டர். நம் ஊரில் பெரும்பாலும் அவர் நிலைய அலுவலராகவோ முன்னணித் தீயணைப்பாளராகவோ இருப்பார். வண்டியிலிருந்து இறங்கியதும் களத்தை ஒருமுறை அளந்து பார்ப்பது அவருடைய முதல் கடமை. எரிவது என்ன, நெருப்பு எந்தப் பக்கம் போகும், உள்ளே ஆள் இருக்கிறார்களா, கட்டடம் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தேட வேண்டும். உள்ளே புகுந்து அணைப்பதா, வெளியே நின்று அடிப்பதா என்பதை அதன்பிறகே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது ஆள் கணக்கு. யார் யார் உள்ளே போனார்கள், எந்த வாசல் வழியாக, எத்தனை மணிக்கு, அவர்களின் மூச்சுக் கருவியில் காற்று எவ்வளவு மிச்சம் என்பதை ஒருவர் வெளியே நின்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வீரருக்கு உத்தரவிடுபவர் ஒருவராக மட்டுமே இருக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் நேரடியாகக் கவனிக்கக்கூடிய ஆட்கள் மூன்றிலிருந்து ஏழு பேர்தான், ஐந்து பேர் என்பது சிறந்த அளவு. அதைத் தாண்டினால் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும்.

இவ்வளவையும் ஒரே இடத்தில் நின்று, வாக்கிடாக்கியைக் காதில் வைத்தபடி செய்ய வேண்டும். கமாண்டரே ஹோஸைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டால், அந்த நொடியிலிருந்து களத்துக்குக் கமாண்டர் இல்லை. நன்றாகப் பந்து வீசுகிறவர் எல்லோரும் நல்ல கேப்டன் ஆகிவிடுவதில்லை. அதுபோல, துணிச்சலான தீயணைப்பு வீரர் தானாகவே நல்ல கமாண்டர் ஆகிவிடுவதில்லை. இது தனியாகக் கற்க வேண்டிய தொழில்.

தவறினால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள சார்ல்ஸ்டன் நகரம். 2007 ஜூன் 18 மாலை ஏழு மணியளவில் ஒரு சோபா விற்பனைக் கடையின் பின்புறம், சரக்கு இறக்கும் இடத்துக்கு வெளியே கிடந்த குப்பையில் தீப்பிடித்தது. கடைக்குள் நெருப்பு நுழைந்தபோது முன்பக்கக் காட்சிக்கூடத்தில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. கூரைக்கும் பொய்க்கூரைக்கும் நடுவே புகை சேர்ந்துகொண்டிருந்தது. நுரை மெத்தைகள் நிறைந்த கடை அது. தண்ணீர்த் தெளிப்பான் வசதியும் கிடையாது. வீரர்கள் உள்ளே போனார்கள். சிறிது நேரத்தில் கடை முழுவதும் ஒரே வீச்சில் பற்றிக்கொண்டது. ஒன்பது வீரர்கள் இறந்தார்கள்.

பின்னால் நடந்த விசாரணைகள் களக் கட்டுப்பாட்டில் இருந்த குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தன. கட்டடத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு அதிகாரி தனித்தனியாக உத்தரவிட்டுக்கொண்டிருந்தார். முழுக் களத்தையும் கையில் வைத்திருந்த ஒருவர் இல்லை. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்ற கணக்கும் இல்லை. வழி தெரியாமல் தவித்த வீரர்கள் வாக்கிடாக்கியில் உதவி கேட்டார்கள். ஒரே அலைவரிசையில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்ததில் அந்தக் குரல்கள் களத்தில் இருந்த அதிகாரிகளை உரிய நேரத்தில் எட்டவில்லை.

லண்டன் கிரென்ஃபெல் டவர், 2017 ஜூன் 14. 24 மாடிக் குடியிருப்பு. நள்ளிரவு தாண்டி 12.54-க்கு அழைப்பு போனது. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் மற்றவர்கள் அவரவர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அங்கே நடைமுறை. கட்டடத்தின் வெளிப்புறப் பூச்சுப் பலகைகள் வழியாகத் தீ மேலே ஏறிவிட்ட நிலையில் அந்த அறிவுரைக்குப் பொருளே இல்லாமல் போயிற்று. அதிகாலை 2.47-க்குத்தான் அது கைவிடப்பட்டது. 72 பேர் இறந்தார்கள். 1.30-க்கும் 1.50-க்கும் இடையிலேயே மக்களை வெளியேற்ற முடிவெடுத்திருக்க வேண்டும் என்று 2019 அக்டோபரில் வந்த விசாரணை அறிக்கை கூறியது. களத்தில் இருந்த கமாண்டர்கள் அனுபவசாலிகள், துணிச்சலானவர்கள். ஆனால் வெளியேற்ற வேண்டிய கட்டம் எது என்று கண்டுகொள்ளவும், அதை எப்படி நடத்துவது என்றும் அவர்களுக்குப் பயிற்சியே தரப்படவில்லை என்று அந்த அறிக்கை பதிவு செய்தது. பழியை ஒரு தனி மனிதரின் தலையில் கட்டாமல், பயிற்றுவிக்காத அமைப்பைக் கேள்வி கேட்டதால் இந்த அறிக்கை முக்கியமானது.

நம் நாட்டிலும் இழப்பு உண்டு. 2015 மே 9 அன்று மும்பை கல்பாதேவியில் ஒரு பழைய கட்டடத்தில் பிடித்த தீயை அணைக்கும்போது கட்டடம் சரிந்தது. தலைமைத் தீயணைப்பு அதிகாரி உட்பட நான்கு மூத்த அதிகாரிகளை மும்பை தீயணைப்புப் படை இழந்தது. கடமையில் உயிரைக் கொடுத்தவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சரியும் ஆபத்துள்ள கட்டடத்தில் யார் எவ்வளவு தூரம் போகலாம், போதும் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற பாடத்தைக் கற்றுக்கொள்வதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

சான்று எப்படித் தருகிறார்கள்?

1970-இல் கலிஃபோர்னியாவில் 13 நாட்கள் எரிந்த காட்டுத்தீக்களில் 16 பேர் இறந்தார்கள். சுமார் 700 கட்டடங்கள் அழிந்தன. பல ஊர்களிலிருந்து படைகள் வந்தும், ஒருவர் சொல்லும் சொல் இன்னொருவருக்குப் புரியவில்லை, யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதும் தெரியவில்லை. அதன் விளைவாகப் பிறந்ததுதான் ‘இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம்’. பொதுவான பதவிப் பெயர்கள், பொதுவான சொற்கள், ஒரே கட்டளைச் சங்கிலி. 2004-இல் அது அமெரிக்கா முழுமைக்குமான தேசிய ஏற்பாட்டின் பகுதியானது.

அங்கே காட்டுத்தீப் பணியில் கமாண்டர் பொறுப்புக்குப் பல படிகள். சின்னத் தீயைக் கையாள்வது ஐந்தாம் வகை, அதற்கு மேல் பெரிய தீக்களுக்கான படிகள். வகுப்பு முடிந்ததும் ஒரு பணிப் பதிவேட்டைக் கையில் கொடுக்கிறார்கள். அந்தப் பொறுப்பில் செய்ய வேண்டிய ஒவ்வொரு காரியமும் அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். பயிற்சி பெறுபவர் உண்மையான களத்தில், ஏற்கெனவே தகுதி பெற்ற ஒருவரின் பார்வையில் அந்தக் காரியங்களைச் செய்து காட்ட வேண்டும். மதிப்பீட்டாளர் ஒவ்வொரு வரிக்கும் எதிரே கையெழுத்திடுவார். எல்லாம் முடிந்த பிறகே துறை சான்று தரும். ஐந்து ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் களத்தில் இறங்காவிட்டால் தகுதி காலாவதியாகிவிடும்.

நகரத் தீக்களங்களுக்கு ‘ப்ளூ கார்டு’ என்ற சான்றுமுறை இருக்கிறது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத் தீயணைப்புத் துறையை நெடுங்காலம் வழிநடத்திய ஆலன் புருனாசினியின் சிந்தனையில் வளர்ந்தது அது. 2001-இல் அந்த நகரத்தில் ஒரு சூப்பர்மார்க்கெட் தீயில் ஒரு வீரர் உள்ளேயே சிக்கி இறந்தார். அதன்பிறகு காலிக் கட்டடங்களில் மீட்பு ஒத்திகைகளைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்தார்கள். சிக்கிய ஒரு வீரரை வெளியே கொண்டுவர 12 பேர் தேவைப்பட்டார்கள், 21 நிமிடம் ஆனது. மீட்கப் போனவர்களில் ஐந்தில் ஒருவர் தாமே சிக்கலில் மாட்டிக்கொண்டார். முதுகில் இருக்கும் மூச்சுக் கருவியின் காற்று அதற்குள் தீர்ந்துவிடலாம். தவறான இடத்துக்கு ஆளை அனுப்பிவிட்டுப் பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்று நம்ப முடியாது, முதல் முடிவே சரியாக இருக்க வேண்டும். அதனால்தான் இந்தச் சான்றுக்குப் பாடம் படித்தால் மட்டும் போதாது, எரியும் கட்டடத்தைத் திரையில் காட்டி நிமிடத்துக்கு நிமிடம் முடிவெடுக்கச் சொல்லிச் சோதிக்கிறார்கள்.

ரசாயன விபத்துகளுக்கு அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது. அங்கே கமாண்டராக நிற்பவருக்குக் குறைந்தது 24 மணி நேரப் பயிற்சி கட்டாயம். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது தகுதியை நிரூபிக்க வேண்டும்.

இங்கே என்ன இருக்கிறது?

தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010 ஜூலையில் ‘இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம்’ முறையை இந்திய நிர்வாகத்துக்கு ஏற்ப மாற்றி வழிகாட்டு நெறிகளாக வெளியிட்டது. மாவட்டத்தில் கலெக்டர்தான் பொறுப்பு அதிகாரி. அவருக்குக் கீழே கமாண்டரும், செயல்பாடு, திட்டமிடல், தளவாடம் என மூன்று பிரிவுகளும் இயங்கும். மாநிலம், மாவட்டம், கோட்டம், வட்டம் என ஒவ்வொரு நிலையிலும் சம்பவ எதிர்வினைக் குழுக்களை முன்கூட்டியே பெயர் குறித்து நியமித்து வைக்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரி என்ற பொறுப்பும் உண்டு. ஆபத்தான செயலை அந்த இடத்திலேயே நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது.

ஏட்டில் எல்லாம் இருக்கிறது. ஆனால் பயிற்சியில் கலந்துகொண்டதற்குத் தரும் சான்றிதழ் வேறு, தகுதிச் சான்று வேறு. மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவரும், மதிப்பீட்டாளர் முன்னால் களத்தை நடத்திக் காட்டியவரும் ஒன்றல்ல. பணிமூப்பில் உயர்ந்து வருபவருக்கு அனுபவம் இருக்கும். கிரென்ஃபெல் காட்டியதுபோல, பார்த்திராத தீயில் அந்த அனுபவம் கைகொடுக்காமல் போகலாம்.

நம் உரிமை, நம் வழி

தீயணைப்பு வீரருக்குத் தன் கமாண்டர் யார் என்று அறியும் உரிமையும், சோதிக்கப்பட்ட ஒருவரின் உத்தரவில் உயிரைப் பணயம் வைக்கும் உரிமையும் இருக்க வேண்டும். நமக்கு, நம் உயிர்காக்கும் ஏற்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்கும் உரிமை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் மனு கொடுக்கலாம். ‘ஏன்’ என்று கேட்காமல் ஆவணங்களைக் கேளுங்கள்:

- எங்கள் மாவட்டத்தின் சம்பவ எதிர்வினைக் குழுவில் எந்தெந்தப் பதவியில் இருப்பவர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள்? அந்த ஆணையின் நகல்.
- அவர்களில் எத்தனை பேர் அந்தப் பொறுப்புக்கான பயிற்சி பெற்றவர்கள்? கடைசியாக எப்போது?
- பயிற்சியின் முடிவில் தேர்வோ களச் சோதனையோ நடந்ததா? அதற்கான பதிவேடு.
- கடந்த மூன்று ஆண்டுகளில் நடந்த கூட்டு ஒத்திகைகளின் தேதியும், அவற்றில் கண்ட குறைகளின் அறிக்கையும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ பதில் அரைகுறையாக இருந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 31-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர்த் திட்டம் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் அதைப் பரிசீலித்துப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் மாவட்டத் திட்டத்தில் தீக்களப் பொறுப்புகள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கேட்கலாம். மணலி, எண்ணூர், கடலூர் சிப்காட் போல ரசாயன ஆலைகளின் அருகே வசிப்பவர்களுக்கு இன்னொரு பிடியும் உண்டு. அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989 விதிகளின்படி பெரிய அபாய ஆலைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வளாக ஒத்திகையும், அதிகாரிகள் ஆண்டுக்கு ஒருமுறை வெளிவளாக ஒத்திகையும் நடத்த வேண்டும். நடந்ததா, யார் கமாண்டராக நின்றார், என்ன குறை கண்டார்கள் என்று கேளுங்கள்.

விபத்து நடக்கும் இடத்தில் நம் பங்கும் பெரியது. வந்த அதிகாரியிடம் உள்ளே எத்தனை பேர், எந்த மாடி, கேஸ் சிலிண்டரோ ரசாயனமோ எங்கே, மின்சார மெயின் எங்கே என்று விவரம் தெரிந்த ஒருவர் மட்டும் சொல்லுங்கள். எல்லோரும் சேர்ந்து சொன்னால் எதுவும் அவர் காதில் விழாது. வெளியே நிற்கும் அதிகாரியை ‘சும்மா நிற்கிறார்’ என்று திட்டாதீர்கள். அவர் நிற்க வேண்டிய இடம் அதுதான். ‘உள்ளே போங்க சார்’ என்று வீரர்களை நெருக்காதீர்கள். எல்லைக் கயிறு கட்டினால் அதற்குப் பின்னால் நில்லுங்கள்.

தீயணைப்புத் துறைகளை நவீனப்படுத்த மத்திய அரசு 2023-இல் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. வண்டியும் ஏணியும் வாங்கினால் கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழாவும் நடத்தலாம். கமாண்டருக்கான பயிற்சிக் கூடத்துக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் ஆகும் செலவு அதன் அருகில் சிறியது. நிலைய அலுவலர் பதவிக்கும் அதற்கு மேலும் பதவி உயர்வு தரும்போது, களத்தில் சோதித்து வழங்கிய, காலாவதித் தேதி உள்ள கமாண்டர் சான்று கட்டாயம் என்று அரசு ஆணை வர வேண்டும். வீரர்களின் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை இது.